கடைக்கு மேல் ப்ளைவுட் தளம் போடுவோர் கவனத்திற்கு

மளிகை வியாபாரிகளாகிய நமக்கு ப்ளைவுட் புதிய பொருள் அல்ல. முன்னெல்லாம் நீலகிரியிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் தேயிலை வந்து இறங்கியது ப்ளைவுட் பெட்டியில்தான். ஓரமெல்லாம் தகரப் பட்டை அடித்து, உள்ளே பளபளப்பான தாள் ஒட்டி வரும். தேயிலை தீர்ந்த பிறகும் அந்தப் பெட்டியை யாரும் தூக்கி எறிந்ததில்லை. மிளகாய் வற்றலும் தனியாவும் போட்டு வைக்க அதைவிட நல்ல பெட்டி கிடையாது. அத்தனை மெல்லிய பலகை அவ்வளவு கனத்தை எப்படித் தாங்கியது என்று அப்போது நாம் யோசித்ததில்லை. இப்போது யோசிக்க வேண்டிய அவசியம் வந்திருக்கிறது. ஏனெனில் அதே ப்ளைவுட்டைத் தளமாகப் போட்டு, அதன் மேல் குடியிருக்கவும் சரக்கு அடுக்கவும் தொடங்கியிருக்கிறோம்.

தர்மபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று எந்தக் கடைவீதியை எடுத்துக்கொண்டாலும் கீழே கடை, மேலே வீடு என்பதே நம்மவர்களின் வழக்கம். குடும்பம் பெருகும்போது மாடியில் இன்னொரு அறை தேவைப்படுகிறது. பழைய கட்டடத்தின் சுவர் மேலும் ஒரு கான்கிரீட் தளத்தைத் தாங்காது என்று இன்ஜினீயர் கையை விரித்து விடுகிறார். உடனே வெல்டிங் பட்டறைக்காரரை அழைத்து, இரும்புச் சட்டம் கட்டி, அதன் மேல் ப்ளைவுட் பரப்பி அறை எழுப்புகிறார்கள். உயரமான பழைய கடைகளில் பாதி உயரத்தில் ஓர் இடைத்தளம் போட்டு, அதைப் பரணாகவும் ஆள் தங்கும் இடமாகவும் வைத்துக்கொள்வோரும் உண்டு.

இந்த யோசனையில் தவறில்லை. 5 அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்குச் சுமார் 29 கிலோ கனம். 19 மில்லிமீட்டர் ப்ளைவுட் சதுர அடிக்கு ஒன்றேகால் கிலோகூட வராது. இரும்பையும் சேர்த்தாலும் கட்டடத்தின் மீது ஏறும் பாரம் மிகக் குறைவு. தண்ணீர் ஊற்றி ஆற வைக்கும் வேலை இல்லை, கடையை வாரக்கணக்கில் மூட வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான வீடுகளின் மாடித்தளம் மரச்சட்டத்தின் மேல் ப்ளைவுட் அல்லது அது போன்ற ஒட்டுப் பலகை அடித்துப் போட்டதுதான். அங்கே 1905ஆம் ஆண்டு ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் நடந்த பொருட்காட்சியில் ப்ளைவுட் பலகை காட்சிக்கு வைக்கப்பட்டது. 1930களில் தண்ணீருக்குப் பிரியாத பசை வந்த பிறகே அது கட்டட வேலைக்கு முழுமையாக இறங்கியது. ஆகவே இது சோதித்துப் பார்க்கப்பட்ட முறை. ஆனால் அவர்கள் மாடியில் கட்டில், மேஜை, மனிதர்கள் தவிர வேறு பாரம் ஏற்றுவதில்லை. நாம் அப்படியா? பண்டிகை நெருங்கினால் காலி இடம் எதுவாக இருந்தாலும் நமக்கு அது கிட்டங்கிதான்.

இங்கேதான் கணக்கு தெரிய வேண்டும். கட்டடத்தின் மேல் ஏறும் பாரங்களைப் பற்றி இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள 875ஆம் எண் தரக்குறிப்பின்படி, குடியிருக்கும் அறையின் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி அமைக்கப்பட வேண்டும். நமது அளவில் சதுர அடிக்கு 18, 19 கிலோ. சில்லறைக் கடைக்கு இதைப் போல் இரு மடங்கு. சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கு அதற்கும் மேல்.

இப்போது நம் சரக்கை வைத்துப் பாருங்கள். 50 கிலோ சர்க்கரை மூட்டையைப் படுக்க வைத்தால் சுமார் 5 சதுர அடி பிடிக்கும். ஒரு வரிசைக்குச் சதுர அடிக்கு 10 கிலோ. இரண்டு வரிசை அடுக்கினாலே வீட்டு அறையின் கணக்கு முடிந்தது. ஐந்து வரிசை என்றால் 50 கிலோ, அதாவது இரண்டரை மடங்குக்கு மேல். மூட்டைகளையாவது பார்த்தால் கனம் தெரிகிறது. எண்ணெய் டின் நம்மை ஏமாற்றி விடும். 15 கிலோ டின் அரை சதுர அடிக்குச் சற்றே கூடுதலான இடத்தில் நின்றுவிடுகிறது. டின்களை நெருக்கி ஒரே ஒரு அடுக்கு வைத்தாலும் சதுர அடிக்கு 25 கிலோவைத் தாண்டும். இரண்டு அடுக்கு வைத்தால் கடைக்கென்று போட்ட தளத்தின் கணக்கையும் தாண்டிவிடும். அறையின் மூலையில் அடக்கமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த மூலைக்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று சட்டங்களே மொத்தப் பாரத்தையும் சுமக்கின்றன.

நமது மாவட்டத்தில் நாம் நேரில் போய்ப் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரு வியாபார நண்பர் மகனுக்காகக் கடைக்கு மேலே இரும்புச் சட்டத்தில் ஓர் அறை கட்டினார். நல்ல கம்பெனிப் பலகை, விலை கூடிய ரகம். மகன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் அறை காலியாக இருந்தது. பொங்கலுக்கு முன்னால் வெல்லம் விலை ஏறும் என்று கேள்விப்பட்டு, 30 கிலோ சிப்பம் 120 வாங்கி அந்த அறையின் நடுவே அடுக்கிவிட்டார். கணக்குப் பார்த்தால் 3600 கிலோ. மூன்றாம் நாள் காலையில் கீழே கல்லாவில் உட்கார்ந்திருந்த அவருடைய தகப்பனார், மேலே ஏதோ தெறித்தது போல் சத்தம் கேட்டு வெளியே வந்திருக்கிறார். ஏறிப் பார்த்தால் தளம் நடுவில் மூன்று விரற்கடை தொய்ந்து கிடக்கிறது. திருகுகள் பிடுங்கி நிற்கின்றன. ஓரிடத்தில் வெல்டிங் விட்டிருந்தது. இரவோடு இரவாக ஆள் வைத்துச் சிப்பங்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதே பெரிய காரியம். நாம் போனபோது நண்பர் கேட்ட கேள்வி, "அண்ணே, பலகை முதல் தரம்னு சொல்லித்தானே வாங்கினேன், இப்படி ஆயிடுச்சே?" என்பது. பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. போனது அடியில் இருந்த இரும்பு.

பெரும்பாலோர் புரிந்துகொள்ளாதது இதைத்தான். தளத்தின் பலம் பலகையில் பாதிகூட இல்லை. அடியிலுள்ள சட்டம், சட்டத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி, சட்டம் போய் உட்காரும் சுவர், இவற்றில் இருக்கிறது. கடைக்காரரிடம் போனால் 12 மில்லிமீட்டருக்குப் பதில் 19 போடுங்கள், 19க்குப் பதில் 25 போடுங்கள் என்பார். அவர் வியாபாரம் அது. 12இலிருந்து 19க்குப் போனால் பலகையின் விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு கூடும் என்பது உண்மையே. ஆனால் சட்டங்களின் இடைவெளியை 24 அங்குலத்திலிருந்து 12 அங்குலமாகக் குறைத்தால் அதே பலகையின் தொய்வு ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். 16 அங்குலமாகக் குறைத்தாலே ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே கையில் கொஞ்சம் பணம் கூடுதலாக இருந்தால் அதை முதலில் இரும்பில் போடுங்கள். சட்டத்தின் அளவும் கனமும் என்ன என்பதை மட்டும் பட்டறைக்காரரின் கைக்கணக்குக்கு விடக் கூடாது. இன்ஜினீயரிடம் காசு கொடுத்துக் கேட்க வேண்டும். அவரிடம் "ஒரு ரூம்" என்று சொல்லாதீர்கள். அங்கே மூட்டை ஏறும் என்றால் மூட்டை ஏறும் என்றே சொல்லுங்கள். வைத்தியரிடமும் இன்ஜினீயரிடமும் மறைத்தால் கணக்கு தப்பும்.

இடைவெளி ஏன் 12, 16, 24 என்று வருகிறது என்றால், பலகையின் அளவு 8 அடிக்கு 4 அடி. 8 அடி என்பது 96 அங்குலம். இந்த மூன்று எண்ணாலும் மீதியின்றி வகுபடும். அப்போதுதான் இரண்டு பலகைகளின் முனைகள் சேரும் இடம் சரியாக ஒரு சட்டத்தின் மேல் வந்து உட்காரும். 15, 18 என்று கண்ணுக்குத் தோன்றியபடி சட்டம் வைத்தால் பலகையின் முனை அந்தரத்தில் நிற்கும், அல்லது ஒவ்வொரு பலகையையும் வெட்டிச் சேதாரம் பண்ண வேண்டும்.

உதாரணத்துக்கு 16 அடி நீளம், 12 அடி அகலம் உள்ள அறை. 192 சதுர அடி. ஒரு பலகை 32 சதுர அடி, ஆக 6 பலகை சரியாகப் போதும். சட்டங்கள் 12 அடி அகலத்தின் குறுக்கே, சுவருக்குச் சுவர் போக வேண்டும். 16 அங்குல இடைவெளிக்கு 13 சட்டம், 12 அங்குலத்துக்கு 17 சட்டம். பலகையின் நீளவாக்கு சட்டங்களுக்குக் குறுக்காக வர வேண்டும், சட்டத்தோடு ஒட்டி இணையாக வரக் கூடாது. மேல்பரப்பில் தெரியும் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ரேகை போகும் திசையில்தான் பலகைக்குப் பலம் அதிகம்.

முதல் வரிசையை முழுப் பலகையில் தொடங்கினால் இரண்டாவது வரிசையை அரைப் பலகையில் தொடங்க வேண்டும், மூன்றாவது மீண்டும் முழுப் பலகை. செங்கல் கட்டும்போது கொத்தனார் மூட்டு மாற்றி வைக்கிறாரே, அதே முறை. நடு வரிசைக்கு ஒரு பலகையை இரண்டாக வெட்டி இரு முனையிலும் வைத்தால் சேதாரம் கிடையாது. இதில் ஒன்று கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் தளத்துக்கென்று வரும் பலகைகளில் நீள விளிம்பு ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும்படி வெட்டியிருக்கும். நம் ஊர்க் கடைகளில் அந்த ரகம் கிடைப்பதில்லை. ஆகவே இந்த அறையில் 4 அடியிலும் 8 அடியிலும் நீள விளிம்புகள் சேரும் கோட்டுக்குக் கீழே, சட்டங்களுக்கு நடுவே குறுக்குத் துண்டுகள் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நடக்கும்போது ஒரு பலகை அமுங்கும், பக்கத்துப் பலகை அமுங்காது. மேலே என்ன விரித்தாலும் அந்தக் கோட்டில் கிழியும்.

பலகைகளை இடித்து நெருக்கி வைப்பது சுத்தமான வேலை என்று ஆசாரிகள் சிலர் நினைக்கிறார்கள். மழைக்காலத்தில் மரம் சற்றே உப்பும். இடமில்லையென்றால் சேரும் இடத்தில் கூரை போல் தூக்கிக்கொள்ளும். பலகைக்கும் பலகைக்கும் 3 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும், சுவர் ஓரத்தில் இன்னும் கூடுதலாக. ஆணி வேண்டாம், அது நாளடைவில் தளர்ந்து ஒவ்வொரு அடிக்கும் கிறீச்சிடும். இரும்பைத் தானே துளைத்துக்கொண்டு இறங்கும் திருகுகள் கிடைக்கின்றன. ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் 12 அங்குலத்துக்கு ஒன்று போதும். திருகுமுன் சட்டத்தின் மேல் கட்டடப் பசை ஒரு கோடு இழுத்துவிட்டால் சத்தமே வராது.

பலகை வாங்கும் விஷயத்துக்கு வருவோம். மரத்தை மெல்லிய தாளாகச் சீவி, ஒரு தாளின் ரேகை நெடுக்காகவும் அடுத்ததின் ரேகை குறுக்காகவும் மாற்றி மாற்றி ஒட்டியதே ப்ளைவுட். கோணிச் சாக்கின் பாவும் ஊடும் போல. அதனால்தான் அந்தத் தேயிலைப் பெட்டி பிளக்கவில்லை. இதில் உயிர்நாடி பசை. வீட்டுக்குள் ஈரம் படாத சாமானுக்கு ஆகும் ரகத்துக்கு எம்.ஆர். என்று பெயர். பெரும்பாலும் யூரியா பசையில் ஒட்டப்படுவது. கொதிநீருக்கும் தாக்குப்பிடிக்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் ஃபீனால் பசையில் வருவது. இவை இரண்டும் 303 என்ற தரக்குறிப்பின் கீழ் வருபவை. 'மரைன்' என்று கடைகளில் சொல்லும் ரகத்துக்குத் தரக்குறிப்பு எண் 710. அதன் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிக்க வைத்தும் தாள் பிரியக் கூடாது. தளத்துக்கு எம்.ஆர். வேண்டவே வேண்டாம். பி.டபிள்யூ.ஆர். குறைந்தபட்சம், சமையலறை ஓரம் என்றால் 710.

பழைய நாள் பலகையின் கனத்தை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய பலகையைத் தூக்கிப் பார்த்து மதிப்பிடுவோர் நம்மில் உண்டு. அது இப்போது செல்லாது. 1996 டிசம்பர் 12இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு வடகிழக்கிலிருந்த ப்ளைவுட் ஆலைகள் பல மூடின. தொழில், தோட்டத்தில் வளர்த்த மரத்துக்கு மாறியது. அரியானாவின் யமுனாநகரில் பாப்லர் மரம், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரம், யூகலிப்டஸ். நம் பக்கத்து விவசாயிகள் மலைவேம்பு வைப்பதும் இந்த ஆலைகளை நம்பியே. இந்த மரங்கள் மட்டமானவை அல்ல. ஆனால் ரப்பர் மரத்துக்கு மருந்து ஏற்றாவிட்டால் வண்டு துளைத்துப் பொடி உதிர்த்துவிடும். அந்தப் பொடி கீழே திறந்து வைத்த பருப்புச் சாக்கில் விழுந்தால் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே கடைக்காரர் வாய்ச்சொல்லை விட்டுப் பலகையைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை, தரக்குறிப்பு எண், ரகம், சி.எம்.எல். என்று தொடங்கும் உரிம எண் ஆகியவை பலகையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். அந்த உரிம எண் உண்மையா என்பதைத் தர அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் செல்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். நமக்கு அது வராது என்றால் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். விளிம்பில் தாள்களுக்கு நடுவே பொந்து தெரிகிறதா என்று பாருங்கள். விரலால் தட்டிக்கொண்டே போனால் உள்ளே காலியான இடத்தில் சத்தம் மாறும், தேங்காய் தட்டத் தெரிந்த நமக்கு இது கைவந்த கலை. ஓர் ஓரத் துண்டை வாங்கி வந்து வீட்டில் பாத்திரத்தில் சில மணி நேரம் கொதிக்க வைத்தாலே எம்.ஆர். பலகையை மேல்ரகமாகச் சொல்லி விற்றிருந்தால் வெளிப்பட்டுவிடும். சென்டரிங் வேலைக்குப் பயன்படுத்திக் கழித்த பலகையைச் சுத்தம் செய்து மலிவாகக் கொடுக்கிறார்கள். எத்தனை கான்கிரீட் கண்டதோ, எங்கே ஊறியதோ தெரியாது. கோழிக்கூண்டுக்கு ஆகும், குடும்பம் நடமாடும் தளத்துக்கு ஆகாது.

பலகைக்குத் தண்ணீர் ஏறுவது முகத்தின் வழியாக அல்ல, விளிம்பின் வழியாக. வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும் திருகுமுன்னரே இரண்டு கை பெயின்ட் அடித்துவிட வேண்டும், மாட்டிய பிறகு எட்டாது. குளியலறையை ப்ளைவுட் தளத்தின் மேல் வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். பலகை மேல் நேரடியாக டைல் ஒட்டுவதும் வேண்டாம். தளம் இம்மியளவு அசைந்தாலும் டைல் வெடிக்கும். வினைல் விரிப்பு போதும். டைல்தான் வேண்டும் என்றால் நடுவில் சிமென்ட் நார்ப்பலகை கொடுத்து ஒட்ட வேண்டும்.

நமக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லை உப்பும் வெல்லமும். மழைக்காலத்தில் இரண்டுமே ஈரத்தை இழுத்துக் கசியும். உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கினால் திருகையும் சட்டத்தையும் அரித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. வெல்லத்துக்கு எறும்பு வரும். இவ்விரண்டையும் கீழே தரையில், கட்டை அடுக்கி, பாலிதீன் விரித்து வையுங்கள். எண்ணெய், சர்க்கரை, புளி எல்லாம் கீழே. மேலே அப்பளம், பொரி, சேமியாப் பெட்டி, காகிதக் கோப்பை, துடைப்பம் போன்ற கனமில்லாத சரக்கு. அதையும் அறையின் நடுவில் குவிக்காமல் சட்டங்கள் சுவரில் உட்காரும் ஓரங்களில் பிரித்து அடுக்குங்கள். அதே பாரம் நடுவில் இருக்கும்போது சட்டம் வளைவதற்கும் ஓரத்தில் இருக்கும்போது வளைவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

மின்கம்பிகளைப் பலகைக்கு அடியில் குழாய்க்குள் கொண்டுபோக வேண்டும், விளக்கு சூடேறும் இடத்தில் பலகை தொடக் கூடாது. மேலே ஆள் தூங்குவதாக இருந்தால், கடைக்குள் இறங்காமல் வெளியேறும் படி ஒன்று இருந்தே தீர வேண்டும். நகராட்சி அல்லது பேரூராட்சி அனுமதியும் முன்னதாகவே வாங்க வேண்டும். கட்டி முடித்த பின் அலைவது செலவு.

தளம் போட்ட முதல் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் கீழிருந்து விளக்கு அடித்து எல்லாச் சட்டங்களையும் ஒரு முறை பாருங்கள். கரையான் மண் கோடு, துரு, திருகைச் சுற்றிக் கறுப்பு வட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அடியில் நூல் பிடித்து இழுத்து, நடுவில் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். 12 அடிச் சட்டம் நடுவில் 10 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால், அன்றைக்கே மேலே இருக்கும் சரக்கை இறக்கிவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அளவைச் சுவரில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அளக்கும்போது ஒப்பிட அது வேண்டும்.